ஒரு மணி நேரத்தில் பதில் வரும், எந்தக் கேள்விக்கு?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: தங்கைக்கு 36 வாரம் முடிந்துவிட்டது. மருத்துவர் பிறப்புறுப்பிலும் ஆசனவாயிலும் பஞ்சுக் குச்சியால் ஒரு மாதிரி (ஸ்வாப்) எடுத்து, அதிலுள்ள பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, முடிவு வர மூன்று நாளாகும் என்றார். மரபணுவைத் தேடி ஒரு மணி நேரத்தில் பாக்டீரியாவைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் கருவி இருக்கிறது, சிறுநீரில் முக்கினால் இரண்டு நிமிடத்தில் நிறம் மாறும் பட்டை இருக்கிறது, வெள்ளைப்படுதலுக்குப் பத்து நிமிடப் பரிசோதனை இருக்கிறது என்றெல்லாம் படித்திருக்கிறீர்கள். அப்படியிருக்க ஏன் காக்க வைக்கிறார்கள், விரைவுப் பரிசோதனைகளை நம்பக்கூடாதா என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விரைவுப் பரிசோதனைகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்பது ஒன்று. கல்ச்சருக்கு இனி வேலையில்லையா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பெரும்பாலும் ஆம் என்பேன், இரண்டாவதற்கு இல்லை என்பேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். கட்டிலருகே நிற்பவள் நான் அல்ல, குழாயில் வந்து சேர்வதைப் பார்ப்பவள். நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் பரிசோதனையின் வேகத்தைக் கடிகாரத்தை வைத்து அளப்பதில் பயனில்லை. ஒரு முடிவு எடுக்க வேண்டிய நேரம் வருவதற்குள் பதில் கைக்கு வருகிறதா என்பதுதான் கணக்கு. உங்கள் தங்கைக்கு இந்த மூன்று நாளில் யாரும் எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை. ஆகவே அவருக்கு மூன்று நாள் என்பது தாமதமே இல்லை.

அந்த ஸ்வாப் தேடுவது குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (சுருக்கமாக பி ஸ்ட்ரெப்) என்ற பாக்டீரியாவை. பத்து கர்ப்பிணிகளில் ஒருவர் முதல் மூவர் வரை இதைக் குடலிலும் பிறப்புறுப்பிலும் சுமந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஒரு தொல்லையும் தராது. பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றிக்கொண்டால்தான் ஆபத்து. மருந்து எதுவும் தராவிட்டால், இதைச் சுமக்கும் தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் ஒன்றிரண்டுக்கு முதல் வாரத்திலேயே இரத்தத் தொற்றோ நுரையீரல் அழற்சியோ மூளையுறை அழற்சியோ வரலாம். பிரசவ வலி தொடங்கியதும் தாய்க்கு நரம்பு வழியாகப் பென்சிலின் ஏற்றினால் இது பெருமளவு தடுக்கப்படுகிறது; குழந்தை பிறப்பதற்கு நான்கு மணி நேரம் முன்னதாகவே மருந்து உள்ளே போயிருப்பது நல்லது. அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு 1.7 என்ற அளவில் இருந்த இந்த ஆரம்பகாலத் தொற்று, பின்னர் 0.25-க்கும் கீழே இறங்கியது. இதைச் சாதித்தது பெரும்பாலும் இந்த மெதுவான கல்ச்சரும் பென்சிலினும்தான்.

கல்ச்சர் ஏன் மெதுவாக நடக்கிறது என்று தெரிந்தால் கோபம் குறையும். ஸ்வாபை நேராக வளர்ப்புத் தட்டில் தேய்த்தால், கூடவே வந்த குடல் பாக்டீரியாக்கள் எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் மற்றவற்றை அடக்கும் மருந்து கலந்த திரவத்தில் ஸ்வாபை ஓர் இரவு ஊறவிடுகிறோம். அந்த இரவில், இருப்பது கொஞ்சமே என்றாலும் பி ஸ்ட்ரெப் பெருகிவிடும். மறுநாள் இரத்த அகார் என்ற வளர்ப்புக் கூழ் உள்ள தட்டில் தேய்த்து, இன்னும் ஒருநாள், சில சமயம் இரண்டு நாள் பார்க்கிறோம். பிரசவ அறையில் வைக்கும் விரைவு பிசிஆர் இந்த ஊறும் இரவைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. எண்ணிக்கை குறைவாக இருந்தால் அது கோட்டைவிட வாய்ப்பிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தங்கைக்குப் பென்சிலின் கடுமையாக ஒவ்வாது என்றால் கிளிண்டாமைசின் என்ற மாற்று மருந்தைக் கொடுக்கலாமா என்று பார்க்க வேண்டும். அந்த மருந்துக்கு அடங்காத வகைகள் இப்போது ஏராளம். தட்டில் உயிரோடு வளர்ந்த பாக்டீரியா கையில் இருந்தால்தான் மருந்துக்கு அடங்குமா என்று சோதிக்க முடியும். பாக்டீரியா இருக்கிறது என்று பிசிஆர் சொல்லும். எந்த மருந்துக்கு அது சாகும் என்பதைப் பிரசவ அறைக் கருவிகள் பொதுவாகச் சொல்வதில்லை.

இப்போது அதே தங்கை, ஸ்வாப் எதுவும் எடுக்காமல், 34-ஆவது வாரத்தில் நள்ளிரவில் வலியோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்ச்சர் அங்கே வெறும் சடங்கு. ஒரு மணி நேரத்துக்குள் பதில் தரும் பிசிஆர் அங்கே பொன் போலத் தோன்றும். ஆனால் அங்கும் ஒரு விதி உண்டு: 37 வாரம் நிறையவில்லை, பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் ஆகிவிட்டது, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டது, இவற்றில் ஒன்று இருந்தால்கூட பாக்டீரியா இல்லை என்று பிசிஆர் சொன்னாலும் மருந்தை நிறுத்தக்கூடாது. அப்படியானால் 34 வாரத்துக்காரருக்கு பிசிஆர் எதற்கு என்று கேட்பீர்கள், நல்ல கேள்வி. அவருக்குப் பதிலுக்குக் காத்திராமலே மருந்து ஏறும். பிசிஆர் உண்மையில் உதவுவது மாதம் நிறைந்து, வேறு அபாயக் குறி எதுவும் இல்லாமல், கல்ச்சர் முடிவும் இல்லாமல் வருகிற பெண்ணுக்கு. பிரசவ அறையில் வைத்து உடனே போட்டால்தான் அந்த ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாக இருக்கும். ஸ்வாப் ஆய்வகத்துக்கு நடந்து வந்து, இரவுப் பணியில் தனியாக இருப்பவர் அவசர இரத்தப் பொருத்தம் பார்த்து முடிக்கும்வரை மேசையில் கிடந்து, பிறகு கருவிக்குள் போனதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பதிலைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தால், "குழந்தை பிறந்து முக்கால் மணி நேரம் ஆகிறது" என்று செவிலியர் சிரிப்பார்.

ஸ்வாப் எடுக்கும் விதத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் மற்றதெல்லாம் வீண். முதலில் பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதி, பிறகு அதே குச்சி ஆசனவாயின் தசை வளையத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். விரிப்பான் கருவி போட்டுக் கருப்பை வாயில் எடுத்தது உதவாது. கூச்சத்தால் ஆசனவாயை விட்டுவிட்டு, படிவத்தில் மட்டும் இரண்டு இடமும் எழுதி அனுப்புவது நடக்கிறது. இது ஊகம் இல்லை. குடல் பாக்டீரியா ஒன்றுகூட வளராத தட்டைப் பார்த்தால் எங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். அந்த மாதிரியை எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் போட்டாலும் பதில் தவறாகவே வரும், என்ன, சீக்கிரமாக வரும்.

சிறுநீர்ப் பட்டைக்கு வருகிறேன். பட்டையில் முக்கியமான சதுரங்கள் இரண்டு: ஒன்று வெள்ளையணுக்களின் நொதியைப் பார்க்கிறது, மற்றது நைட்ரைட்டைப் பார்க்கிறது. ஈகோலை போன்ற பாக்டீரியாக்கள் சிறுநீரில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். அதற்குச் சிறுநீர் பையில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தங்க வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியோ அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போகிறார். பட்டை வெளுப்பாகவே இருக்கும், தட்டில் லட்சக்கணக்கில் வளரும். என்டரோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவும், மேலே சொன்ன பி ஸ்ட்ரெப்பும் நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை. அவை எத்தனை மணி நேரம் பையில் இருந்தாலும் அந்தச் சதுரம் மௌனம்தான். மறுபுறம், வெள்ளைப்படுதல் கலந்தால் வெள்ளையணுச் சதுரம் வீணாக ஊதா நிறமாகும். பட்டைக் குப்பியை மூடாமல் திறந்தபடி வைத்துவிட்டால் ஈரக்காற்று பட்டு நைட்ரைட் சதுரம் தானாகவே இளஞ்சிவப்பாகத் தொடங்கும். ஒருநாள் ஒரு வார்டிலிருந்து வந்த சிறுநீர் மாதிரிகள் வரிசையாக நைட்ரைட் இருக்கிறது என்று குறிப்புடன் வந்தன. தட்டுகள் எல்லாம் சுத்தம். போய்ப் பார்த்தால் குப்பியின் மூடி பக்கத்தில் கிடந்தது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேருக்கு எரிச்சலோ வலியோ இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். மற்றவர்களிடம் இதை விட்டுவிடலாம். கர்ப்பிணியிடம் விட்டால் கணிசமானவர்களுக்குச் சிறுநீரகத் தொற்றாக முற்றும். ஆகவே கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒருமுறை சிறுநீர்க் கல்ச்சர் செய்வதைப் பட்டையால் ஈடுகட்ட முடியாது. அந்தக் கல்ச்சரில் பி ஸ்ட்ரெப் வந்திருந்தால், 36-ஆவது வார ஸ்வாபே தேவையில்லை; பிரசவத்தின்போது மருந்து கொடுப்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. தங்கையின் இந்தக் கர்ப்பத்தின் பழைய அறிக்கைகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

வெள்ளைப்படுதலில் நிலைமை வேறு. இங்கே மிக விரைவான பரிசோதனை பழையதுதான்: நுண்ணோக்கி. பிறப்புறுப்பில் வழக்கமான பாக்டீரியாக்களின் சமநிலை குலையும் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்ற நிலைக்கு 1983 முதல் ஆம்செல் அளவுகோல் இருக்கிறது. மெல்லிய, ஒரே சீரான சாம்பல் வெள்ளைக் கசிவு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் 4.5-க்கு மேல், ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டதும் எழும் மீன் வாடை, நுண்ணோக்கியில் குறிகாட்டிச் செல்கள். நான்கில் மூன்று இருந்தால் போதும். அந்தச் செல்லை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். சாதாரணத் தோல்செல்லின் ஓரம் கண்ணாடித் துண்டுபோல் கூர்மையாகத் தெரியும். இதிலோ ஓரமே தெரியாதபடி புள்ளிப்புள்ளியாக பாக்டீரியா அப்பியிருக்கும், கோலப்பொடியைத் தூவிய இலை மாதிரி. பத்து நிமிடப் பரிசோதனை பாக்டீரியா சுரக்கும் ஒரு நொதியைப் பார்த்து நிறம் மாறுகிறது. நுண்ணோக்கி இல்லாத இடத்தில் நன்றாகவே உதவும். பிஎச் பட்டையை மட்டும் தனியாக நம்பாதீர்கள். இரத்தம் கலந்தாலும், விந்து கலந்தாலும், பனிக்குடம் கசிந்தாலும் எண் ஏறிவிடும்.

எனக்கு எரிச்சலூட்டுவது ஒரே ஸ்வாபில் பத்துப் பன்னிரண்டு கிருமிகளைத் தேடும் பிசிஆர் தொகுப்புகள். அறிக்கையில் யூரியாபிளாஸ்மா 'உள்ளது', கார்ட்னெரெல்லா 'உள்ளது' என்று சிவப்பு எழுத்தில் வரும். இவை நலமாக இருக்கும் ஏராளமான பெண்களிடம் சும்மா குடியிருப்பவை. இருப்பது வேறு, நோய் செய்வது வேறு. சிவப்பு எழுத்தைப் பார்த்து இரண்டு ஆன்டிபயாடிக் எழுதி, அதனால் பூஞ்சைத் தொற்று வந்து, அதற்கும் மருந்து எழுதி என்று சுற்றிச் சுற்றி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உடலுறவால் பரவும் கிளமிடியா, கொனோரியா இரண்டுக்கும் பிசிஆர் வகைப் பரிசோதனையே முதல் தேர்வு. இதில் கல்ச்சரைவிட அது மேல். அரை மணி நேரத்திலும் ஒன்றரை மணி நேரத்திலும் முடிவு தரும் கருவிகள் இருக்கின்றன. பெண் தானே எடுத்த ஸ்வாபும் மருத்துவர் எடுத்ததற்கு இணையாக வேலை செய்கிறது. கர்ப்பச்சோதனைப் பட்டை போலத் தோன்றும், மரபணுவுக்குப் பதில் கிருமியின் வேறொரு பகுதியைத் தேடும் ஆன்டிஜன் பட்டைகள் வேறு இனம். கிளமிடியாவை அவை அதிகம் தவறவிடும். சிகிச்சை முடிந்த மறுவாரமே திரும்பச் சோதிப்பதும் தவறு. செத்த பாக்டீரியாவின் மரபணுத் துணுக்கு மூன்று வாரம் வரைகூடக் கிடக்கும், கருவி அதையும் எண்ணிவிடும். கர்ப்பிணிக்குக் கிளமிடியா குணமானதா என்று பார்க்க நான்கு வாரம் பொறுக்க வேண்டும். கொனோரியாவில் மருந்துக்கு அடங்காமை வேகமாகப் பரவுவதால், முடிந்தால் கல்ச்சரும் சேர்த்து அனுப்புவது நல்லது.

வேகம் முழுமையாக வென்ற இடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் சிபிலிஸ். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், இருபது நிமிடத்துக்குள் பதில், அதே இடத்தில் பென்சாதைன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஊசி. முடிவை வாங்க இன்னொரு நாள் வரச் சொன்னால் பலர் வருவதில்லை. கருவில் இருக்கும் குழந்தை அதற்குள் பாதிக்கப்படும். எச்ஐவியையும் சிபிலிஸையும் ஒன்றாகப் பார்க்கும் இரட்டைப் பட்டையை உலக சுகாதார நிறுவனம் கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் பரிந்துரைக்கிறது. இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஒருமுறை நோய் வந்து குணமானவருக்கும் அந்தக் கோடு பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தெரியும். பழையதா புதியதா என்று பிரிக்க ஆர்பிஆர் என்ற இரத்தப் பரிசோதனையின் அளவு வேண்டும். கர்ப்பிணி என்றால் முதலில் ஊசி, அப்புறம் விசாரணை.

எதற்கும் காத்திருக்கக் கூடாத நிலையும் இருக்கிறது. பிரசவத்துக்கு முன்போ பின்போ காய்ச்சல், நடுக்கம், வேகமான நாடித்துடிப்பு, குறையும் இரத்த அழுத்தம், குழப்பமான பேச்சு இருந்தால் இரத்தக் கல்ச்சர் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். இங்கே எந்த விரைவுப் பரிசோதனையும் 'இல்லை' என்று சொல்லி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வெள்ளையணு எண்ணிக்கை பிரசவ வலியிலேயே 25,000-ஐத் தாண்டலாம். நுரையீரல் முதிர்ச்சிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் அதை ஏற்றும். அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்தப் புரதம் சிசேரியனுக்குப் பின் இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும், தொற்றே இல்லாதவருக்கும். கடுமையான தொற்றில் இரத்தத்தில் பார்க்கும் லாக்டேட், முக்கல் கட்டத்தில் தானாக ஏறும். அதனால் ஒற்றை எண்ணைவிட, அடுத்தடுத்த நாள் எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பது மேல். குரூப் ஏ ஸ்ட்ரெப் என்ற கொடிய வகை, காய்ச்சல்கூட இல்லாமல் தாங்க முடியாத வயிற்று வலியாக மட்டும் தொடங்கிச் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். பனிக்குடத்துக்குள் தொற்று இருக்கிறதா என்று அறிய, பனிக்குட நீரை எடுத்து, பாக்டீரியாவுக்கு நிறமேற்றும் கிராம் சாயம் போட்டுப் பார்ப்பது விரைவானதுதான், ஆனால் குறைப்பிரசவத்தில் அடிக்கடி காணப்படும் மைக்கோபிளாஸ்மா, யூரியாபிளாஸ்மா இரண்டுக்கும் செல்சுவர் இல்லாததால் சாயம் பிடிக்காது, கண்ணில் படாது. அந்த நீரில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 14 மில்லிகிராமுக்குக் கீழே போவது சந்தேகத்தைக் கூட்டும், முடிவு சொல்லாது. கருப்பையிலும் கருக்குழாய்களிலும் வரும் இடுப்புக்குழி அழற்சியும் இப்படித்தான்: கிளமிடியா இல்லை, கொனோரியா இல்லை என்று பிசிஆர் சொன்னாலும், கருப்பை வாயை அசைக்கும்போது வலிக்கிறது என்றால் மருத்துவர் மருந்து கொடுப்பார். கொடுக்கவும் வேண்டும்.

நம்பகம் என்று கேட்டீர்கள் அல்லவா, ஒரு கணக்குப் போடுவோம். நோயுள்ள நூறு பேரில் 95 பேரைப் பிடிக்கும், நோயில்லாத நூறு பேரில் 98 பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு பரிசோதனை என்று வையுங்கள். பிரமாதமாகத் தெரிகிறது. ஆயிரம் பெண்களில் 20 பேருக்கு மட்டுமே நோய் உள்ள கூட்டத்தில் அதைப் போட்டால் 19 பேர் சரியாகப் பிடிபடுவார்கள். கூடவே நோயில்லாத 980 பேரில் 20 பேர் தவறாக மாட்டுவார்கள். 'உள்ளது' என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு நோய் இல்லை. அதே பரிசோதனையை, ஆயிரத்தில் 200 பேருக்கு நோய் உள்ள இடத்தில் போட்டால் 190 சரி, 16 தவறு. கருவி மாறவில்லை, யாரிடம் போடுகிறோம் என்பது மாறியது. துணைவருக்குத் தெரிந்தால் குடும்பமே குலையக்கூடிய ஒரு நோய்ப் பெயரைச் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கு மனதில் ஓட வேண்டும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பி ஸ்ட்ரெப் ஸ்வாப் எடுப்பதா, அபாயக் குறி உள்ளவர்களுக்கு மட்டும் மருந்து கொடுப்பதா என்பதில் நாடுகளே ஒத்துப்போகவில்லை; அமெரிக்கா எல்லோருக்கும் எடுக்கிறது, பிரிட்டன் எடுப்பதை வழக்கமாக்கவில்லை. ஸ்வாபில் இல்லை என்று வந்தாலும் முழு நிம்மதி இல்லை. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், மாதம் நிறைந்து பிறந்து பி ஸ்ட்ரெப் தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவை, ஸ்வாபில் 'இல்லை' என்று வந்த தாய்மாருக்குப் பிறந்தவை. பாக்டீரியா வரும், போகும். ஐந்து வாரம் கடந்த முடிவைப் பழையதாகவே கொள்ள வேண்டும். பாக்டீரியல் வஜைனோசிஸ் குறைப்பிரசவத்தோடு சேர்ந்து காணப்படுவது உண்மை. ஆனால் தொல்லை எதுவும் இல்லாத கர்ப்பிணியிடம் அதைத் தேடிப் பிடித்து மருந்து கொடுத்தால் குறைப்பிரசவம் குறைகிறதா என்று பிரான்சில் நடத்தி 2018-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள் விஷயத்தில் விவாதம் இன்னும் ஓயவில்லை. விரைவாகக் கண்டுபிடிக்க முடிகிறது என்பதற்காகக் கண்டுபிடிப்பதால் நன்மை வந்துவிடாது என்று எனக்கு இந்த ஆய்வு அழுத்தமாகச் சொன்னது.

தங்கைக்கு நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. முடிவு வந்ததும் அறிக்கையின் நகலை வாங்கிப் பிரசவத்துக்கு எடுத்துப்போகும் பையில் வையுங்கள். நள்ளிரவில் வலி வரும்போது ஆய்வகம் பூட்டியிருக்கலாம், கணினியில் தேட ஆள் இல்லாமல் இருக்கலாம். பென்சிலின் போட்டபோது எப்போதாவது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதை இப்போதே மருத்துவரிடம் சொல்லி, கிளிண்டாமைசினுக்கும் சோதிக்கும்படி கல்ச்சர் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். தட்டு இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கும். இன்றைக்கே கேட்டால் செய்துவிடுவார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அதைக் கொன்று குப்பையில் போட்டிருப்போம்.